வியாகுலக்காவின் நண்டு

வியாகுல மாதா திருநாளன்று பிறந்த குழந்தைக்குப் பங்குச் சாமியார் வியாகுலம்மாள் என்று பெயர் வைத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து என்னென்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் எந்தத் துக்க வீட்டிலும் வியாகுலக்காவை முன்னால் உட்கார விடமாட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். தன் கணவர் இன்னாசியின் அடக்கத்தன்றே, பெட்டியைத் தலைமாடு கால்மாடு மாற்றி இறக்கப் போனவர்களிடம், "திருப்புங்கப்பா, அவுருக்கு ரிவர்ஸு ஆவாது" என்று சொன்னவர். சொன்ன பிறகு விழுந்து விழுந்து அழுதார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

இன்னாசி துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டியவர். சுதந்திரம் வந்த வருஷம் அதிகாரி கப்பலேறினார். காரை இன்னாசிக்கே விட்டுவிட்டுப் போனார். இன்னாசி அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். பழைய வண்டி. வாரத்துக்கு ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து எதையாவது கழற்ற வேண்டியிருந்தது. கணவர் கழற்றுவார், மனைவி ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். சில வருஷங்களில் யார் கழற்றுகிறார், யார் எடுத்துக் கொடுக்கிறார் என்பது மாறிப்போனது.

இன்னாசி போன பிறகு அக்காவே லைசென்ஸ் எடுத்து ஓட்டத் தொடங்கினார். குள்ளமானவர் என்பதால் சீட்டில் தலையணை போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு மேல் கண் மட்டும் தெரிய வருவார். கைம்பெண் ஓட்டும் வண்டியில் மணப்பெண் ஏறலாமா என்று முதலில் சிலர் முனகினார்கள். "நான் உள்ள குந்திகினு கீறேன், சகுனம் வெளிய கீது. ரெண்டும் எப்டிப் பாத்துக்கும்?" என்று கேட்டார். பெண் வீட்டார் யோசித்துப் பார்த்தார்கள். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அன்னிய ஆண்பிள்ளை உட்கார வேண்டியதில்லை என்ற சௌகரியம் சகுனத்தை ஜெயித்துவிட்டது. மாதா கோயில் கல்யாணங்கள் மட்டுமில்லை, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை நிக்காஹ்களுக்கும் வண்டி போனது. என் தங்கை ஷம்ஷாத் புகுந்த வீட்டுக்குப் போனதும் அந்த வண்டியில்தான், கண்ணாடிக்குத் திரை போட்டு.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்து என்ன கிடைத்தது என்பதை அவர் கேட்கவில்லை; நான்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பகலில் செய்ய வேறு வேலை இல்லாததால் அக்காவின் வண்டியைச் சுற்றி நின்றேன். படித்தவன் அருகே நிற்பதில் அக்காவுக்கு ஒரு குஷி. "எங்க வண்டிக்கு ஒரு பி.ஏ. கீது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

தகராறு எண்ணெயில் தொடங்கியது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணப்பெண் மண்ணை மிதிக்கக் கூடாது. கோயில் படியிலிருந்து கார் வரை வெள்ளைத் துணி விரிப்பார்கள். நடைபாவாடை என்று பெயர். அதன் முனையை வண்டிக்கு அடியிலேயே செருகிவிடுவார்கள், இறங்கும் கால் நேராகத் துணியில் பட வேண்டும் என்று. துணி பக்தவச்சலத்துடையது. வண்ணாரப்பேட்டையில் சலவைத்துறை வைத்திருந்த அவர், இந்தத் துணிகளை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். தானே துவைத்து, தானே கொண்டுவந்து, தானே விரிப்பார். போன கல்யாணத்தில் அந்தத் துணியில் வண்டியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அதை மிதித்த மணப்பெண்ணின் பாதம் பீடம் வரை அடையாளம் போட்டுக்கொண்டே போனது. பெண்ணின் தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

இன்னாசியின் அண்ணன் சவரிநாதன் இதற்காகவே காத்திருந்தவர் போல மறுநாள் வந்தார். துறைமுகத்தில் மேஸ்திரி. குடும்பத்துக்கு மூத்தவர். கிரேக்கக் கப்பல் கேப்டன் ஒருவர் கொடுத்த சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்காதவர்.

"வியாகுலம், அடுத்த கல்யாணத்துல துணில ஒரு சொட்டு உழுந்துச்சின்னா வண்டிய நான் எடுத்துக்குவேன். சாமியார் கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"எடுத்துகினு இன்னா பண்ணுவீங்க மாமா? உங்களுக்கு சைக்கிளே ஓட்ட வராதே."

"மீஞ்சூர்ல ஒரு அரிசி மில்லுக்காரரு கேட்டுகினு கீறாரு. பின்பக்கத்த அறுத்துட்டு மூட்டை ஏத்தறதுக்கு."

அக்கா வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். அன்று கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீ எங்க வூட்டோட வந்துடு. என் வூட்டுக்காரிக்குத் துணையா சமைச்சிகினு கெடக்கலாம். பொம்பளைக்கு எதுக்கு இந்த கிரீஸு பேஜாரு" என்று முடித்தார் சவரிநாதன்.

அவர் போன பிறகு அக்கா காரின் பின்கதவைத் திறந்து, சீட்டைத் தடவிப் பார்த்தார். "இத்த அறுப்பாங்களாம்" என்றார். சவரிநாதனின் மனைவி சமையலில் கேட்பது துணையை அல்ல, ஆளை என்று தெருவுக்கே தெரியும்.

அடுத்த கல்யாணம் சனிக்கிழமை. அதற்குள் எண்ணெய் நிற்க வேண்டும்.

பட்டறைக்காரர்கள் என்ஜினின் அடித்தொட்டியிலிருந்துதான் ஒழுகுகிறது என்று சொல்லி, அதன் பேக்கிங்கை ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தார்கள். எண்ணெய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. கீழே சொட்டுவதெல்லாம் கீழேதான் புறப்பட வேண்டுமா என்று எனக்கு ஒரு சந்தேகம். அக்காவிடம் சொன்னேன்.

"கூரைல ஓட்டை எங்கியோ, பாய் நனையறது எங்கியோ. அத்தத்தானே சொல்ற?" என்ற அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கிட்ட பவுடரு கீதா?"

"எதுக்குக்கா?"

"எட்தா சொல்றேன்."

இன்டர்வியூவுக்காக வாங்கி வைத்திருந்த முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தேன். அக்கா என்ஜினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவிட்டு, என் பவுடரை அதன் மேல் தாராளமாக அடித்தார். பவுடரின் மேல் எண்ணெய் கசிந்தால் கோடு தெரியும் என்பது கணக்கு.

"அக்கா, டப்பா காலியாகுது."

"நீ பூசிகினு போயி இன்னாத்த கண்ட? இது பூசிகினா வேலையாச்சும் நடக்கும்."

எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வண்டியைக் கடற்கரை ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பானெட்டைத் திறந்தோம். வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. அது கீழே இல்லை. என்ஜினின் பக்கவாட்டில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கழுத்திலிருந்து வழிந்து, அடியில் போய்ச் சேர்ந்து, ஓட்டத்தில் காற்றுத் தள்ளத் தள்ளப் பின்கதவு வரை போயிருந்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் என்று நான் சொல்வதை அக்கா நண்டு என்பார். கறுப்பு மூடியும் அதிலிருந்து நாலு பக்கமும் கால் போலப் போகும் ஒயர்களுமாக அது நண்டு மாதிரிதான் இருக்கும். எந்த சிலிண்டருக்கு எப்போது நெருப்புப் பொறி போக வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. மூடிக்குள்ளே ரோட்டர் என்ற சிறு துண்டு சுற்றும். அக்கா அதை மூக்கு என்பார். நண்டின் தண்டு என்ஜினுக்குள் இறங்கி, அங்கே ஒரு பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். தண்டு இறங்கும் கழுத்தில் எண்ணெய் மேலே வராமல் இருக்க கம்பளியை அழுத்திச் செய்த ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கிறது. அது செத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டை ஒட்டிய சந்தில் வண்டியை நிறுத்தி, நண்டை வெளியே எடுத்தோம். எடுக்கும் முன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே பக்கம் பார்க்காவிட்டால் பொறி தப்பான நேரத்தில் போகும்.

"எந்தப் பக்கம் பாக்குது, சொல்லு பி.ஏ."

குனிந்து பார்த்தேன். "கோயில் பக்கம்."

"கரெக்ட்டா?"

"கோபுரத்தையேதான் பாக்குது."

"அப்ப மறக்காது" என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தெருவில் கிழக்கு மேற்கு பாடப்புத்தகத்தில் மட்டும் உண்டு. மற்றபடி கோயில் பக்கம், கடல் பக்கம், அவ்வளவுதான். ஐந்து வேளை தொழும் என் வாப்பாவே, துண்டு எங்கே என்று கேட்டால், கட்டிலில் கோயில் பக்கம் கிடக்கிறது என்பார்.

நண்டின் கழுத்திலிருந்த வளையம் கையில் எடுத்ததும் உதிர்ந்தது. புதியது வேண்டும். மவுண்ட் ரோடு கடைகளில் கேட்டால் கப்பலில் வர வேண்டும் என்பார்கள். கப்பல் சனிக்கிழமைக்குள் வராது. அக்கா உதிர்ந்த ஃபெல்ட்டை விரலில் உருட்டிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சவரிநாதன் வந்தார். வெள்ளிக்கிழமை கறி கிடையாது; மீன் குழம்பு அக்கா வைத்தால்தான் அவருக்கு இறங்கும். வண்டியை எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

"இன்னா, குடலையெல்லாம் வெளிய எட்த்துப் போட்டுகினு கீறீங்க" என்று கேட்டுக்கொண்டே தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வஞ்சிரத் துண்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு நாற்காலியிலேயே தலை சாய்ந்து குறட்டை விட்டார்.

அக்கா தொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணாங்க்கா" என்றேன்.

"நல்ல கம்பளி ஃபெல்ட்டுடா. கிரேக்க தேசத்து சரக்கு."

"தெரிஞ்சா கொன்னுடுவாரு."

"ஓரத்துல சுத்தி ஒரு விரக்கடை. எல்லாப் பக்கமும் ஒண்ணா எட்த்தா எப்டித் தெரியும்? ஒரு பக்கம் மட்டும் எட்த்தாதான் தெரியும். இத்த காலேஜில சொல்லித் தரலியா?"

தையல் கத்திரிக்கோலால் தொப்பியின் விளிம்பைச் சுற்றி நாடா போல ஒரு துண்டை வெட்டி எடுத்தார். குறட்டை ஒருமுறை நின்றது, இருவரும் மூச்சை நிறுத்திக்கொண்டோம், மறுபடி தொடங்கியது. ஃபெல்ட் நாடாவை நண்டின் கழுத்தில் இழுத்துச் சுற்றி, முனைகளைச் சாய்வாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்து, நூலால் கட்டினார். அதன் மேல் தச்சர்கள் மெருகுக்குப் பூசும் அரக்குக் கரைசலைப் பூசினார். அரக்கு காய்ந்துவிட்டால் எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. காய்வதற்கு மறுநாள் காலை வரை விட வேண்டும் என்றார்.

சவரிநாதன் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். கழற்றினார். மறுபடி வைத்தார்.

"மூஞ்சில வெயில் அடிக்குதே" என்றார்.

"மீனு நெறைய சாப்ட்டா கன்னம் ஊதும் மாமா. தொப்பி எட்டாது" என்றார் அக்கா.

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார். நான் சந்துக்கு ஓடிச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, இது சரியா என்று வழக்கம்போல யோசித்தேன். வண்டியை அறுக்கப் பார்க்கிறவரின் தொப்பியை அறுப்பது தர்மமா? நான் தர்க்கம் படித்தவன். தர்மம் வேறு டிபார்ட்மெண்ட்.

சாயங்காலம் மாதா சப்பரம் எங்கள் தெரு வழியாக வந்தது. சந்து முனையில் திரும்ப வண்டி இடைஞ்சலாக இருந்ததால், பையன்கள் அதை வெளியே தள்ளி மூலையில் விட்டு, சப்பரம் போனதும் மறுபடி கொண்டுவந்து நிறுத்தினார்கள். அக்காவும் நானும் மெழுகுவத்தியோடு சப்பரத்தின் பின்னால் போயிருந்தோம். நான் ஏன் போனேன் என்று வாப்பா கேட்டார். பொங்கலும் கடலையும் கொடுத்தார்கள் என்றேன். சரியான காரணம்தான் என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் நண்டை மாட்டினோம். கழுத்துக்குள் ஃபெல்ட் இறுக்கமாக, அழகாகப் போய் உட்கார்ந்தது. மூக்கைக் கோயில் கோபுரத்துக்கு நேராக வைத்தேன். அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "சாமி கும்புட்ற மாதிரியே கீது" என்றார். மூடியைப் போட்டு, கைப்பிடியை என்ஜினின் முன்னால் செருகிச் சுற்றினேன்.

டமார் என்றது. தெருவிலிருந்த காக்கைகளெல்லாம் எழும்பின. கார்புரேட்டரிலிருந்து ஒரு நெருப்பு நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. மறுபடி சுற்றினேன். மறுபடி டமார். இம்முறை என் கையை உதறித் தள்ளியது கைப்பிடி.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் சவரிநாதன்தான். முகம் மலர்ந்திருந்தது.

"சப்பரம் நேத்தே பூட்ச்சே. இன்னும் வேட்டு வுட்டுகினு கீறீங்களே" என்றார். "மீஞ்சூர்க்காரருக்கு ஆள் அனுப்பட்டா?"

"இருங்க மாமா, தொண்டைய செருமிகினு கீது. இப்போ பாடும்."

அவர் வாசல் படியில் உட்கார்ந்து விளிம்பு குறைந்த தொப்பியால் விசிறிக்கொண்டார். ஒயர்களைக் கழற்றி வரிசை பார்த்தோம், சரியாக இருந்தது. கைப்பிடியால் என்ஜினை மெல்லப் பழைய நிலைக்குச் சுற்றி மூக்கைப் பார்த்தோம், கோயிலைத்தான் பார்த்தது. மணப்பெண் வீட்டிலிருந்து, வண்டி எப்போது வரும் என்று கேட்டு ஆள் வந்துவிட்டது. அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அது வேறு யாருடைய முகமோ போல இருந்தது. அவர் போய்த் தலையணை மேல் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் தரையில் உட்கார்ந்து, காலேஜில் படித்த தர்க்கத்தையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். மூக்கு கோயிலைப் பார்த்தது. இப்போதும் கோயிலைப் பார்க்கிறது. ஆகவே...

"அமீரு" என்று அக்கா மெதுவாகக் கூப்பிட்டார். "இங்க வா. இந்தக் கண்ணாடில இன்னா தெரியுது?"

டிரைவர் தலைக்கு மேல் பின்னால் வருவதைப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தேன். அதில் கோயில் கோபுரம் தெரிந்தது.

"நேத்து காத்தால கோபுரம் எங்க இருந்துச்சு?"

"முன்னாடி" என்றேன்.

சப்பரத்துக்காக வெளியே தள்ளிய பையன்கள் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கோயில் அதே இடத்தில் இருந்தது. வண்டிதான் மறுபக்கம் பார்த்து நின்றது. கியரில் இல்லாததால் உள்ளே என்ஜின் ஒரு பல்கூட அசையவில்லை. நாங்கள்தான் மூக்கை நேரெதிராகத் திருப்பி மாட்டியிருந்தோம்.

அக்கா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து சவரிநாதன் எழுந்து வந்துவிட்டார். "வுடு வியாகுலம், வண்டி தானே. எங்க வூட்ல உனுக்கு இன்னா கொறச்சல்" என்றார். அக்கா தலையைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். "மூக்க கடல் பக்கம் திருப்புடா பி.ஏ., அது கோயிலுக்கு முதுகு காட்டினாதான் ஓடுமாம்" என்றார்.

நண்டைத் தூக்கி, மூக்கைக் கடலுக்குத் திருப்பி இறக்கினோம். ஒரே சுற்றில் என்ஜின் பிடித்தது. சவரிநாதன் உடனே கோயிலுக்குக் கிளம்பினார். துணியில் சொட்டு விழுவதை முதலில் பார்க்கும் பாக்கியம் தனக்கு வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

கோயில் வாசலில் பக்தவச்சலம் நடைபாவாடையை விரித்து, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி வந்து நின்றதும் உள்ளே செருகினார்.

"யம்மா வியாகுலம், போன தபா கறை வெளுக்க எத்தினி உவர்மண்ணு ஆச்சு தெரியுமா? இன்னிக்கி உழுந்துச்சு, துணிய உன் தலைலதான் போர்த்துவேன்."

"வெள்ளையா இருந்தா போர்த்து நைனா. கலீஜா இருந்தா வாணாம்."

கதவு திறந்தது. மணப்பெண் வலது காலை எடுத்துத் துணியில் வைத்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்த கல்யாணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஒரு சொட்டும் விழவில்லை. அவள் படியேறி உள்ளே போனாள். துணி கஞ்சிவெள்ளையாகக் கிடந்தது.

சவரிநாதனுக்கு நம்பிக்கை வரவில்லை. "சூடு ஆறினப்புறம்தான் உழும்" என்றார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டிக்கு அருகே மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். தெரியவில்லை. கையை உள்ளே நீட்டி அடிப்பாகத்தை இங்கும் அங்கும் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷத்து எண்ணெயும் புழுதியும் அங்கே அப்பம் போல அப்பியிருந்தது. கசிவை நிறுத்தினோமே தவிர, அடியில் சுத்தம் செய்ய எங்களுக்கு நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் அக்கா செய்திருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றினார். துணியில்.

ஐந்து விரலும் உள்ளங்கையும், ரேகை முதற்கொண்டு கறுப்பாக விழுந்தது. பதறிப்போய் இன்னொரு கையால் அதைத் துடைத்தார். அந்தக் கையும் அதே வேலையைத்தான் செய்திருந்தது.

பக்தவச்சலம் நெருங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"வண்டி ஒண்ணியும் ஒழுவல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மேஸ்திரிதான் ஒழுவுறாரு."

படியில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மணப்பெண்ணின் பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பூசை முடிந்து பெண் இதே துணியில்தானே திரும்பி வர வேண்டும் என்று சவரிநாதனைப் பிடித்துக்கொண்டார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையின் பின்பக்கத்துக்கு அது நல்லதல்ல என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பக்தவச்சலம் மூட்டையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து விரிக்கத் தொடங்கினார். அக்கா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கந்தலை உருவி ஜன்னல் வழியாக நீட்டினார்.

"தொடச்சிக்கோங்க மாமா."

வாங்கித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"மீஞ்சூர்க்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவுரு வூட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு கீதான்னு கேளுங்க. கீதுன்னா வண்டி அனுப்பறேன்" என்றார் அக்கா. "மூட்டைக்குல்லாம் அனுப்ப மாட்டேன்."

உள்ளே பாட்டு தொடங்கியது. அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டு, மணப்பெண் திரும்பி வரும்வரை கண்ணை மூடிச் சாய்ந்தார். சவரிநாதன் கந்தலை மடித்துக் காரின் படிமேல் வைத்துவிட்டு, துணியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கோயிலுக்குள் போனார்.